கயிறு விளிம்பு வைத்த பற்றிஸ்

எங்கள் வீட்டுப் பிறீசரில் ஐஸ்கிறீம் என்று எழுதியிருக்கிற எந்தப் பெட்டியிலும் ஐஸ்கிறீம் இருப்பதில்லை. அது உனக்குத் தெரியும். நீ முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, ஐஸ்கிறீம் எடுத்துச் சாப்பிடு பிள்ளை என்று நான் பெருந்தன்மையாகச் சொல்ல, நீ வனிலா பெட்டியைத் திறந்து, உறைந்து கிடந்த கணவாய்க் கறியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு சிரித்தாய். பொலிவியாவில் உன் அம்மா வீட்டிலும் மாஜரின் டப்பாவுக்குள் மாஜரின் இருக்காது என்றாய். பெட்டி கழுவி எடுத்து வைக்கிற புத்திக்குக் கண்டம் கிடையாது என்று அன்றைக்கே விளங்கிவிட்டது.

போன கிழமை அந்தப் பிறீசரில் இடம் பண்ண வேண்டியிருந்தது. ஒடென்சேயில் இருக்கிற என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, தன் கடைசி மகளுக்குச் சாமத்திய வீடு வைத்திருந்தார். பெண்பிள்ளை பெரியவளானதை மண்டபம் எடுத்து, மேடை போட்டு, ஊருக்கெல்லாம் அறிவிக்கிற எங்கள் கொண்டாட்டம். உனக்கு ஆல்பம் காட்டியிருக்கிறேன். வருகிற அத்தனை பேருக்கும், டப்பா மீனும் கிழங்கும் மாவுக்குள் மடித்துப் பொரிக்கிற ரின்மீன் பற்றிஸ் செய்வது வழமைபோல என் தலையில். இந்த முறையும் அது எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பட்டாணிப் பைகளுக்கு அடியில் ஒரு ஸ்ரோபெரி பெட்டி இருந்தது. திறந்தால் அரைச் சந்திரன்கள், அடுக்கடுக்காக. என்னுடைய பழைய பற்றிஸ் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளிம்பைப் பார்த்தேன். நான் முள்ளுக்கரண்டியால் அமத்துகிற சோம்பேறி. இவற்றின் விளிம்போ கயிறு மாதிரி முறுக்கியிருந்தது. ஒவ்வொரு முறுக்கிலும் உன் பெருவிரல் அடையாளம்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டேன். என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். நான் அழுவது அவருக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே கேள்விதான்.

"என்ன, ஐஸ்கிறீமோ?"

இப்படியான மடல்களை எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்குத்தான் எழுதுவார்கள். இதை எங்கள் தமிழ்ச் சஞ்சிகைக்கு அனுப்பினால், ஆசிரியர் முதலில் நீ எப்போது தவறினாய் என்றுதான் கேட்பார், பக்கத்தின் மேலே போட அவருக்குத் திகதி வேண்டும். நீ சாகவில்லை. செத்தது இந்த நாட்டில் இருக்க உனக்குக் கொடுத்திருந்த அனுமதி. அதற்கு முப்பத்தோராம் நாள் அந்திரட்டி செய்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது இன்னும் வசதி, கூச்சமில்லாமல் எழுதலாம். நாங்கள் கதைத்ததெல்லாம் டேனிஷில். உனக்குப் பாதி டேனிஷ் தெரியும், எனக்கும் பாதி தெரியும். துரதிர்ஷ்டம் என்னவென்றால் இரண்டு பேருக்கும் தெரிந்தது அதே பாதி.

வைலேயில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு நீ பராமரிப்பு வேலை பழக வந்தாய். இந்த நாட்டில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்கள் மேலதிகாரியையும் அப்படித்தான், கட்டிலில் கிடக்கிற தொண்ணூறு வயதுக் கிழவியையும் அப்படித்தான். நேற்று வேலைக்கு வந்த சின்னப் பெடியனும் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுவான். உன்னால் அது முடியவில்லை. என் பெயரை வாயில் எடுத்து, விழுங்கி, கடைசியில் "தியா" என்றாய். உங்கள் மொழியில் அத்தை, சித்தி, மாமி எல்லாம் அதுதானாம். டென்மார்க்குக்கு வந்த காலத்திலிருந்து தமிழர் அல்லாத ஒருவர் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீயும் என்னைப்போல கிரின்ஸ்டெட் ஆள் என்று தெரிந்ததும் என் காரில் உனக்கு ஒரு இடம் நிரந்தரமாகிவிட்டது. இல்லாவிட்டால் நீ பஸ்ஸைப் பார்த்துப் பார்த்தே கிழவியாகியிருப்பாய்.

முதல் கிழமையே எங்கள் ஆட்களின் முறைப்படி உன்னை விசாரித்து முடித்துவிட்டேன். புருஷன் என்ன வேலை, எப்படிச் சந்தித்தீர்கள், பிள்ளை ஏன் இன்னும் இல்லை. டேனிஷ்காரர் என்றால் எழும்பிப் போயிருப்பார்கள். நீ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, என் புருஷனுக்கு ஏன் இவ்வளவு மொத்த உடம்பு என்று திருப்பிக் கேட்டாய். எனக்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

உன் கணவரிடம் குறை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ பாடுபட்டேன். முதுகுப்பையோடு உங்கள் மலை ஊருக்கு வந்த இடத்தில் உன்னைக் கண்டவர். காற்றாலை திருத்துகிற வேலை. வீட்டில் நிற்கிற நாட்களில் அவரே சமைப்பார், அவரே கழுவுவார். வம்பு பேச ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும், டேனிஷ்காரர் மரியாதை என்று நினைத்துச் சொல்கிற அந்த வசனத்தைச் சொல்லுவார்: "டு பெஸ்டெமர் செல்." நீயே முடிவெடு. உன்னையும் என்னையும் வளர்த்தவர்கள் இந்த ஒரு பாடத்தை மட்டும் நடத்தவே இல்லையே.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் உன் பதினைந்தாவது பிறந்தநாள் படத்தைக் காட்டினாய். கூடாரம் அளவுக்கு ஒரு இளஞ்சிவப்புச் சட்டை. உன் அப்பா முழந்தாளில் இருந்து, தட்டைச் சப்பாத்தைக் கழற்றிக் குதி உயர்ந்த சப்பாத்து மாட்டிவிடுகிறார். அன்றிலிருந்து நீ பெண்ணாம். நான் என் மகளின் சாமத்திய ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினேன். எங்களில் மாமி தண்ணீர் வார்ப்பார், மற்றபடி கூடாரம் அதே கூடாரம்தான். இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்:

"இவ்வளவு பெரிய விழா வைக்கேக்கையே நாங்கள் யோசிச்சிருக்க வேணும் தியா, பெரிய வேலை ஏதோ தரப்போயினம் எண்டு."

அந்த வேலை உனக்கு உன் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளில் வந்து சேர்ந்தது. உனக்கு மூன்று அண்ணன்மார். மூத்தவர் அம்மாவின் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் ஒற்றைப் பெண்பிள்ளை நீ. ஒவ்வொரு ஞாயிறும் தலை வாரி, உதட்டுச் சாயம் பூசி, வீடியோவில் அம்மாவுக்கு முகம் காட்டுவாய். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா ஒரே கேள்வியைக் கேட்பார். எப்போது வருகிறாய்?

அண்ணன்மாருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாதா என்று நான் ஆவேசமாகக் கேட்டேன். பிறகு கேட்கிறவள் யார் என்று யோசித்தேன். என் வீட்டில் ஒருவருக்கு உப்புப் போத்தல் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

படிப்பு முடிய இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. முடித்தால் நிரந்தர வேலை, உன் பெயரில் ஒரு சம்பளம். போனால் எல்லாம் நடுவில் நிற்கும். போவதா நிற்பதா என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீ கிழவிகளைக் குளிப்பாட்டினாய், பாட்டுப் பாடிச் சாப்பாடு ஊட்டினாய். ஒருநாள் உடுப்பு மாற்றுகிற அறையில் நிலத்தில் இருந்தாய். கை விறைத்து, மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. நான் தண்ணீர் பருக்கி, நெற்றியில் தைலம் தேய்த்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

டொக்ரரிடம் மொழி உதவிக்கென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். எங்கள் மொழிப் புலமை பற்றித்தான் ஏற்கெனவே சொன்னேனே. அவர் உன்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, இது ஸ்ட்ரெஸ் என்றார். வெளியே வந்ததும் உனக்குச் சிரிப்பு. உங்கள் ஊரில் ஸ்ட்ரெஸ் என்பது கழுத்துப் பட்டி கட்டின ஆம்பிளைகளுக்கு வருவதாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றேன். என் கணவருக்குப் பிரஷர், எனக்குத் தலையிடி. பிரஷருக்கு மாத்திரை உண்டு. தலையிடிக்குத் தேத்தண்ணி, அதுவும் நானே போட்டுக் குடிக்க வேண்டியது.

டொக்ரர் மருந்து தரவில்லை. காட்டில் தனியாக நடக்கச் சொன்னார். உனக்கு என்ன வேண்டும் என்று உள்ளே உணர்ந்து பார்க்கச் சொன்னார். "நை" சொல்லப் பழகச் சொன்னார். இல்லை, மாட்டேன், முடியாது, எல்லாவற்றுக்கும் டேனிஷில் இந்த ஒரு சின்னச் சொல்தான். இந்த நாட்டுக் குழந்தைகள் முதலில் பழகுவதே அதைத்தான் என்பது என் சந்தேகம்.

தனியாகக் காட்டில் நடப்பது உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் வைத்தியம் அல்ல, தண்டனை. ஆகவே தனியாக இரண்டு பேரும் போனோம். போகிறதென்றால் வெறுங்கையோடு போகலாமா? நான் பற்றிஸ் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, பாயும் எடுத்தேன். நீ உங்கள் ஊர்ப் பற்றிஸான எம்பனாடாவோடு வந்தாய். அதுவும் அரைச் சந்திரன், அதற்குள்ளும் கிழங்கு, ஆனால் விளிம்பு கயிறு. மரத்தடியில் இருந்து விளிம்பு முறுக்குவதை எனக்குச் சொல்லித்தந்தாய், எனக்கு வரவில்லை. உள்ளே உணர்ந்தும் பார்த்தோம். எனக்கு வாய்வு மட்டும்தான் அகப்பட்டது. நீ கண்ணை மூடி நிறைய நேரம் இருந்துவிட்டு, உள்ளே அம்மா நிற்கிறா, அவவுக்குப் பின்னால் ஆரும் இருக்கினமோ எண்டு தெரியேல்லை என்றாய். வீடு திரும்பப் பிந்திவிட்டது. இரண்டு பேரும் ஓடிப்போய் இரவுச் சாப்பாடு சமைத்தோம். டொக்ரரின் வைத்தியத்தால் வந்த ஸ்ட்ரெஸ் அது.

"நை" சொல்லத்தான் ஒழுங்காகப் பழகினோம். வேலை முடிந்து வைலேயிலிருந்து திரும்புகிற வழி நெடுக அதுதான் வேலை. பில்லுண்ட் விமான நிலையத்துக்குத் திரும்புகிற சந்தி வரும் முன்னர் ஒரு நல்ல "நை" சொல்லிவிட வேண்டும், அது எங்கள் சட்டம். நான் உன் அம்மாவாக நடிப்பேன்.

"பிள்ளை, அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு. எப்ப வாறாய்?"

"நை."

"இது நை இல்லை. பூனை கத்தினமாதிரிக் கிடக்கு. என் கேங் தில்."

இன்னொருமுறை என்பதற்கு டேனிஷ் அது. உன் டேனிஷ் ஆசிரியை அடிக்கடி சொல்வதாம். பிறகு உன் முறை. நீ என் மச்சாளாக மாறுவாய். காரில் எனக்கு வருகிற மச்சாளின் போனைக் கேட்டுக் கேட்டு உனக்கு அவருடைய தமிழ் முழுக்கப் பாடம்.

"மச்சாள், இந்த முறையும் பற்றிஸ் நீங்கள்தானே?"

உன் வாயில் அது பாட்டுப்போல வரும். நான் வாயைத் திறப்பேன். "ஓம்" தானாக வெளியே வரும். நீ சிரித்துச் சிரித்துக் காரின் முன்தட்டில் அடிப்பாய். கிரின்ஸ்டெட் வரும் மட்டும் "என் கேங் தில்" என்று சொல்லிக்கொண்டே வருவாய். அந்தப் பயிற்சியில் நீதான் கெட்டிக்காரி. குளிர்காலம் முடிகிற நேரம் உன் "நை" கேட்டு எனக்கே பயம் வந்தது.

பிறகு அந்தப் பின்னேரம். பில்லுண்ட் சந்திக்குக் கிட்ட வரும்போது உன் போன் அடித்தது. ஞாயிறு அல்ல, சும்மா ஒரு வேலை நாள். திரையில் அம்மா. நீ என்னைப் பார்த்தாய், நான் தலையாட்டினேன். இன்றைக்குச் சொல்லப்போகிறாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் வேகத்தைக் குறைத்தேன்.

உங்கள் மொழி எனக்கு விளங்காது. ஆனால் அம்மாவின் குரல் அன்றைக்குக் கெஞ்சவில்லை, அழவில்லை. மிக மெதுவாக, அன்பாக, கொஞ்ச நேரம் பேசினார். பேசி முடித்தார். நீ பெரிதாக மூச்செடுத்தாய்.

"நோ, மாமி. நோ!"

அம்மாவை நீ கூப்பிடுவது மாமி என்றுதான். அந்த "நோ" கார் கண்ணாடியில் போய் மோதியது. அப்படி ஒரு உருப்படியான மறுப்பை என் வாழ்நாளில் ஒரு பெண்பிள்ளையின் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கை தட்டாத குறை. போனை நீ வைத்ததும், வென்றிட்டாய் பிள்ளை என்று சத்தம் போட்டேன்.

நீ முகத்தைத் திருப்பி, ஒரு விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அம்மா வரவேண்டாம் எண்டு சொன்னவா, தியா. நீ உன்ர வாழ்க்கையைப் பார், நான் எப்பிடியும் சமாளிப்பன் எண்டு. அதுக்குத்தான் நோ எண்டனான்."

வா என்று கேட்டால் என்ன சொல்வது என்று மாதக்கணக்காகப் பழகியிருந்தோம். வராதே என்று சொல்லக்கூடும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நானும் ஒரு தாய். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நீ புறப்பட்ட அன்று உன் கணவர் பெட்டி தூக்கிக் கொடுத்தார். நானும் விமான நிலையத்துக்கு வந்தேன். இரண்டு மாதம்தான் தியா என்றாய். என் கையில் ஸ்ரோபெரி பெட்டியைத் தந்தாய். உள்ளே பொரிக்காத எம்பனாடா. திரும்பி வந்ததும் இரண்டு பேருமாகப் பொரிப்போம், அதுவரை என் கணவாய்க் கறிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாய்.

இரண்டு மாதம் போனது. அம்மா எழும்பி நடக்கத் தொடங்கி, திரும்பவும் விழுந்தார். உன் குரல் பதிவுகள் முதலில் நீளமாக வந்தன, உன் அண்ணிமாரைப் பற்றிய நல்ல தரமான வம்புகளோடு. பிறகு குட்டையாகின. பிறகு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. குறித்த காலத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும் என்பது சட்டம். யாரும் வந்து பறிப்பதில்லை, சத்தமே கேட்காது.

ஒருநாள் உன் கணவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். உறைப்புப் பற்றிஸைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பால்தான் என்று நினைத்துச் சீனி எடுக்கப் போனேன். திரும்பி வரும்போதும் அழுதுகொண்டிருந்தார். என் கணவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆம்பிளை எங்கள் கதிரையில் இருந்து அழுவது அவருக்குப் புதுசு.

உனக்குப் போக விருப்பமில்லை என்று நீ ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். தான் நில் என்று சொன்னால் உன்னை அடக்குகிற மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாராம். அந்த மனிதனுக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவேன்? யாராவது ஒருவர் போகவேண்டாம் என்று மறிப்பார்களா என்று நீ கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாய், அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டும் அன்புதான். என் பாதி டேனிஷில் அதற்கு வசனம் இல்லை. முழு டேனிஷிலும் இருக்குமா தெரியாது. இன்னொரு பற்றிஸ் எடுத்து வைத்தேன், சாப்பிட்டார். வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இனி என் வெட்கக்கேடு. மச்சாள் போன் எடுத்தபோது நான் ஆயத்தமாக இருந்தேன். நீ பழக்கினது வீண் போகக்கூடாது என்று மூச்செல்லாம் இழுத்து வைத்திருந்தேன். மச்சாள் என்ன சொன்னார் தெரியுமா?

"மச்சாள், உங்களுக்கும் வயசு போகுது, முழங்கால் நோவும். இந்த முறை பற்றிஸுக்குக் கடையில சொல்லுவம் எண்டு பார்க்கிறன். நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்."

"சீச்சீ, இல்லை மச்சாள். என்ன கதை கதைக்கிறியள். நானே செய்யிறன்."

அந்த "இல்லை" உன்னுடைய "நோ" அளவுக்கே நன்றாக வந்தது. போனை வைத்த பிறகுதான் விளங்கியது. குசினியில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு மாவு குழைத்தேன்.

விசித்திரம் என்னவென்றால், முள்ளுக்கரண்டியை நான் தேடவே இல்லை. காட்டுக்குள் எனக்கு வராத முறுக்கு, நீ போன பிறகு விரலுக்கு வந்துவிட்டது. அத்தனை பற்றிஸும் கயிறு விளிம்போடு எண்ணெய்க்குள் இறங்கின. உன் பெட்டியை மட்டும் பொரிக்கவில்லை. பட்டாணிக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை ஒடென்சேக்குத் தனியாக வெளிக்கிட்டேன். என் கணவர் மண்டப அலங்காரத்துக்கு உதவி செய்கிறேன் என்று சொல்லி, நண்பரின் காரில் முந்தியே போய்விட்டார். உதவி என்றால் கதிரையில் இருந்து கதைப்பது. பற்றிஸ் தட்டுகளை உன் இருக்கையில் அடுக்கிவிட்டுக் காரை எடுத்தேன். உடனே கார் கத்தத் தொடங்கியது. அந்தப் பாரத்தைப் பார்த்து ஆரோ ஆள் இருக்கிறதாக நினைத்துவிட்டது. பெல்ட் போடாமல் அது ஓயாது. இறங்கிப் போய்த் தட்டுகளுக்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.

பில்லுண்ட் சந்தி வந்தது. சொன்னேன்.

"நை."

பூனைதான். பக்கத்தில் பெல்ட்டுக்குள் பற்றிஸ் பேசாமல் இருந்தது. சந்தி கடந்து பின்னால் போய்விட்டது, மேலே ஒரு விமானம் எங்கேயோ போனது.

என் கேங் தில் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.